கேம் ஆஃப் த்ரோன்ஸ் முடிவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரியணைக்காக அரச குடும்பங்கள் மோதிக்கொள்ளும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஆங்கிலத் தொடரை முதல் சீசனிலிருந்து விடாமல் பார்த்தவள் நான். 2019இல் அந்தக் கடைசி சீசன் வந்தபோது, திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் அலுவலகம் கிளம்புவேன். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதன் முடிவை நினைத்தால் வயிறு எரிகிறது. 'கதைதானே, இதற்குப் போயா' என்கிறார்கள் வீட்டில். நான் ஆசைப்பட்ட முடிவு கிடைக்காததால்தான் இந்தக் கோபமா? இப்போது என் தம்பி பார்க்கத் தொடங்கலாமா என்று கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

ஆசைப்பட்டது கிடைக்காத கோபம் என்று உங்களை நீங்களே குறைத்துக்கொள்ளாதீர்கள். முதல் சீசனின் ஒன்பதாம் பகுதியிலேயே, நாயகன் என்று நாம் நம்பிய நெட் ஸ்டார்க்கின் தலை உருண்டது. மூன்றாம் சீசனில் திருமண விருந்தில் நெட்டின் மகன் ராபும் அவன் தாயும் கொல்லப்பட்டார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டு தொடர்ந்து பார்த்தவர்கள் சுபமான முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் அல்ல. தொடர் முன்பு சொன்னதை நீங்கள் நினைவில் வைத்திருந்தீர்கள், அதை எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள். உங்கள் கோபம் அங்கிருந்து வருகிறது. அது நியாயமானது.

அரசனின் மெய்க்காவல் வீரனாக இருந்த ஜேமி லானிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் சீசனில், வலது கையை இழந்தவன் வெந்நீர்த் தொட்டியில் அமர்ந்து பிரியென் என்ற வீராங்கனையிடம் பேசுகிறான். பைத்தியம் பிடித்த அரசன் 'எல்லோரையும் எரியுங்கள்' என்று திரும்பத் திரும்பச் சொன்னதையும், நகரத்து மக்கள் சாம்பலாகாமல் இருக்கவே அவன் முதுகில் வாளைப் பாய்ச்சியதையும் முதன்முறையாக ஒருவரிடம் மனம்விட்டுச் சொல்கிறான். அத்தனை காலமும் ஊரார் அவனுக்கு வைத்திருந்த பெயர் அரசனைக் கொன்றவன். சொல்லிமுடித்து மயங்கிச் சாயும்போது பிரியென் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லித்தான் உதவிக்குக் கத்துகிறாள். 'ஜேமி. என் பெயர் ஜேமி' என்கிறான் அவன். வாயில்லாமல் வாழ்ந்த ஒரு மனிதனுக்கு வாய் திறந்த இடம் அது.

எட்டாம் சீசனின் ஐந்தாம் பகுதியில் இதே ஜேமி தன் தம்பி டிரியனிடம், மக்களைப் பற்றி, அவர்கள் அப்பாவிகளாகவே இருந்தாலும், தனக்குப் பெரிதாக அக்கறை இருந்ததே இல்லை என்கிறான். அவன் தன் சகோதரியும் காதலியுமான செர்சியிடம் திரும்பிப் போனதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியும். தன்னை அழிக்கும் உறவுக்கே திரும்பிப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அந்த ஒரு வசனத்தை ஏற்க முடியவில்லை. மக்களுக்காகத் தன் பெயரையே பலிகொடுத்தவனின் வாயில் அதை வைத்தவர்கள், அந்தத் தொட்டியருகே நடந்ததை மறுபடி ஒருமுறை பார்த்திருக்கலாம்.

டிராகன்களோடு அரியணையைத் தேடி வந்த டெனேரிஸ் விஷயத்தில் என் கருத்து உங்களிடமிருந்து கொஞ்சம் வேறுபடக்கூடும். அவள் தலைநகரத்தை எரித்தது திடீரென வானத்திலிருந்து விழுந்ததல்ல. மீரீன் நகரில் அடிமை எஜமானர்களைச் சிலுவையில் அறைந்தவள், சரணடைய மறுத்த டார்லி தந்தையையும் மகனையும் டிராகனின் தீக்கு இரையாக்கியவள். விதை இருந்தது, அது வளர்வதற்கான காலத்தைத்தான் கொடுக்கவில்லை. சரணாகதி மணி ஒலிக்கிறது, அவள் முகம் சில நொடிகள் துடிக்கிறது, டிராகன் எழும்புகிறது. அதன்பின் அந்தப் பகுதி முடியும்வரை அவள் முகத்தை நமக்குக் காட்டவே இல்லை. கீழே எரிகிறவர்களின் முகங்களைக் காட்டியது சரிதான். ஆனால் ஏன் என்ற கேள்வியோடு பார்த்துக்கொண்டிருந்த நமக்கு அவளையும் காட்டியிருக்க வேண்டும்.

முடிவில் நெட்டின் இன்னொரு மகன் பிரான் அரசனானதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐந்தாம் சீசன் முழுவதிலும் தலைகாட்டாத ஒருவனின் கதையைவிடச் சிறந்த கதை யாருக்கு உண்டு என்று சபையில் டிரியன் கேட்கிறான். எனக்கு உடனே ஐந்தாறு பேர் நினைவுக்கு வந்தார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? தொடருக்கு மூலமான ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையில் ஐந்தாவது 2011இல் வந்தது. தொடர் முடியும்வரை ஆறாவது வரவில்லை. கதை எங்கே போய் முடியும் என்பதன் முக்கியப் புள்ளிகளை அவர் சொல்லியிருந்தார். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே நடக்கவேண்டிய வழியை, தொடரை உருவாக்கிய டேவிட் பெனியாஃபும் டி.பி. வைஸும் தாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அது எளிய வேலை அல்ல. ஆனாலும் முதல் ஆறு சீசன்களுக்குப் பத்துப் பத்துப் பகுதிகள், ஏழாவதற்கு ஏழு, எட்டாவதற்கு ஆறு. தொடரை ஒளிபரப்பிய ஹெச்பிஓ நிறுவனம் இன்னும் அதிகமாக எடுக்கத் தயாராகவே இருந்தது, சுருக்கமாக முடிப்பது என்று தீர்மானித்தவர்கள் அவர்கள் இருவரும். ஒரு ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவதற்கே ஒரு சீசன் பிடித்த கதையில், மனிதர்களின் மனம் ஒரே காட்சியில் மாறத் தொடங்கியது. பெரும் பழியை நான் அந்த அவசரத்தின் மேல்தான் போடுவேன்.

கடைசி சீசனை மறுபடி எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணையத்தில் கையெழுத்திட்டார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. மோசமாக எழுதும் உரிமையும் எழுதுபவனுக்கு உண்டு, அதை மோசம் என்று காரணத்தோடு சொல்லும் உரிமை நமக்கு உண்டு. அந்த ஆண்டே சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருது அதற்குக் கிடைத்தது. விருது கிடைத்ததால் உங்கள் வாதம் தோற்றுவிடாது.

தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நான்கு சீசன்களின் எழுத்துக்கு நிகராகத் தொலைக்காட்சியில் நான் பார்த்தது மிகக் குறைவு. கடைசி சீசனிலும், போருக்கு முந்தைய இரவில் ஜேமி பிரியெனுக்கு வீரர் பட்டம் அளிக்கும் இரண்டாம் பகுதியை அவன் தவறவிடக் கூடாது. முடிவைப் பற்றி இப்போதே எச்சரித்து வைக்க வேண்டாம். அவன் பார்த்து முடித்ததும், உங்களோடு உடன்படுகிறானா இல்லையா என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.