முதல் தடவை கார் சேலுக்குப் போகிறீர்களா? அன்றைக்குக் காசைக் கொண்டு போகாதீர்கள்

"கிளிநொச்சியில் இருக்கிறேன், முதல்முறையாகப் பாவித்த கார் ஒன்று வாங்கப் போகிறேன், கார் சேலுக்கு, அதாவது பாவித்த கார் விற்கிற கடைக்கு, போகும் முன் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?" என்று கேட்டிருந்தீர்கள். நான் தருமபுரம் பக்கம். இரண்டு தடவை கார் வாங்கியிருக்கிறேன். ஒன்று பிழையாக, மற்றது ஓரளவு சரியாக.

முதல் தடவை காலபோக நெல் விற்ற காசு கையில் இருந்தது. மச்சானையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போனேன். முறிகண்டியில் இறங்கிக் கும்பிட்டு, கச்சானும் வாங்கிக் கொறித்தபடி, கலியாண வீட்டுக்குப் போவது போலத்தான் போனோம். வாசலில் கழுவித் துடைத்து நின்ற வெள்ளை வேகன் ஆர் காரைக் கண்டதும் மச்சான் "இதுதான்" என்றான். அதுவும் விற்கிறவருக்குக் கேட்கிற மாதிரி. பிளேன்ரீ வந்தது. "அண்ணை, பின்னேரம் யாழ்ப்பாணத்தில இருந்து ஒராள் பாக்க வாறார், அட்வான்ஸ் போட்டால் உங்களுக்கு நிப்பாட்டி வைக்கிறன்" என்றார். ஒரு லட்சத்தை எண்ணிக் கொடுத்தேன். முந்தின சொந்தக்காரர் காருக்கு எடுத்த லீசிங், அதாவது தவணைக் கடன், இன்னும் முடியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்குக் காட்டிய பதிவுப் புத்தகம் போட்டோப் பிரதி. மூலப் புத்தகம் லீசிங் கம்பனியில் இருந்தது. கார் என் பெயருக்கு மாற நாலு மாதம் அலைந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், முதல் நாள் வெறுங்கையோடு போங்கள். கையில் காசு இல்லாவிட்டால் அட்வான்ஸ் கொடுக்கவும் வழியில்லை.

போகும் முன் வீட்டில் இருந்து கணக்கைப் பாருங்கள். லீசிங்கில் எடுப்பதென்றால், "மாதம் எவ்வளவு கட்டுவீங்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். 45 லட்சம் ரூபாய்க் காருக்கு 20 லட்சம் கையால் போட்டு, மிச்சம் 25 லட்சத்தை வருடம் 15 வீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால், மாதத் தவணை கிட்டத்தட்ட 59,500 ரூபாய் வரும். 60 மாதமும் கட்டி முடிக்க 35 லட்சத்து 70 ஆயிரம். வட்டி மட்டும் பத்து லட்சத்துக்கு மேல். நெல்லை நம்பி இருப்பவர்களுக்குக் காசு வருடத்தில் இரண்டு தரம்தான் வரும், தவணையோ மாதாமாதம் வரும். இடையில் ஒரு வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்பதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துப் பாருங்கள்.

எந்தக் கார் என்பதையும் கடையில் வைத்து முடிவு செய்ய வேண்டாம். உங்கள் வீட்டு ஒழுங்கை கிரவலா காப்பெட்டா, மாரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், கிட்டடிக் கராஜில் எதைத் திருத்தத் தெரியும், இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அக்குவா பெற்றோலை மிச்சம் பிடிக்கும், ஆனால் தரைக்குக் கிட்ட ஓடுகிற கார். அக்குவா போலப் பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுகிற ஹைபிரிட் என்றால் பின்சீட்டுப் பக்கம் பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தைப் பாருங்கள். எங்கள் செம்மண் புழுதி அதில் அடைத்தால் பற்றரி சூடாகும். கணினியைக் கொழுவி அந்தப் பற்றரியைச் சோதிக்கக்கூடிய ஆள் இல்லாமல் ஹைபிரிட் பக்கம் போகாதீர்கள்.

விலையைப் பார்த்துத் தலைசுற்ற வேண்டாம். 2020 மார்ச்சில் நிறுத்திய இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை ஏறியது. திறந்த பிறகும் வரி கடுமை. எட்டு வருடக் கார் புதுக் கார் போல விலை பேசப்படுவது அதனால்தான். விற்கிறவர் "2018 மொடல்" என்றால், அது உற்பத்தி ஆண்டா பதிவு ஆண்டா என்று கேளுங்கள். புத்தகத்தில் இரண்டும் இருக்கும், விலை பேச வேண்டியது உற்பத்தி ஆண்டை வைத்து.

போனிலேயே வாகன இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் சிறு கட்டணம் கட்டி விவரம் பார்க்கலாம். மூலப் புத்தகம் யாரிடம், லீசிங் முடிந்ததற்குக் கடிதம் இருக்கிறதா, புகைப் பரிசோதனையும் வருமான அனுமதிப்பத்திரமும் எதுவரை? பதில் இழுபட்டால் பஸ் காசு மிச்சம். வாங்குகிறவரின் பெயரை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் வைத்த பெயர்மாற்றப் பத்திரம், அதாவது "ஓப்பன் பேப்பர்" மட்டும் தருகிறோம் என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவென்றாலும்.

பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், வருகிறோம் என்று சொல்லும்போதே எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தில்தான் குறை வெளிவரும். திறப்பைப் போட்டதும் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதில் கை வைத்திருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தை நாங்கள் மறக்கமாட்டோம், தண்ணீரில் நின்ற காரின் பெல்ட்டில் சேறு ஒட்டியிருக்கும். டயரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. காரின் உடம்பில் அடித்திருக்கும் சேசிஸ் இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். ஏ9 காப்பெட் றோட்டில் எந்தக் காரும் வடிவாகத்தான் ஓடும், அதனால் குழி விழுந்த ஒழுங்கை ஒன்றிலும் ஓட்டிப் பாருங்கள், ஏசியைப் போட்டு இருபது நிமிடமாவது.

இதெல்லாம் உங்களால் முடியாவிட்டால் மெக்கானிக் ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். அவர் கடைக்காரரின் ஆளாக இருக்கக்கூடாது. இரண்டாம் தடவை நான் அப்படித்தான் போனேன். அவர் முதல் இரண்டு காரையும் பொனெட் திறக்க முன்னமே வேண்டாம் என்றார். மூன்றாவதுதான் இப்போது வீட்டில் நிற்கிறது, அதற்கும் காசு கொடுத்தது அடுத்த கிழமை. கச்சானும் அந்தமுறை திரும்பி வரும்போதுதான் வாங்கினோம்.