சுகர் காட்டும் வாட்சை நம்பலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, இன்சுலின் போடுகிறார். தினமும் விரலில் குத்துவது அவருக்கு வேதனையாக இருக்கிறதே என்று, வெளிச்சத்தை வைத்தே சுகர் பார்க்கும் வாட்ச் ஒன்றை ஆன்லைனில் 2,900 ரூபாய்க்கு வாங்கினேன். நேற்று சாப்பிட்ட பிறகு வாட்சில் 118, குளுக்கோமீட்டரில் 231. விற்றவர்கள் திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள். ஆக்ஸிஜன் அளவாவது சரியாக இருக்குமா?
– வாசகி, தேனி

பதில்: குளுக்கோமீட்டரை நம்புங்கள். வாட்ச் காட்டும் சுகரைப் பார்த்து ஒரு யூனிட் இன்சுலின்கூடக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சுகர் உண்மையில் இறங்கியிருக்கும்போது வாட்ச் கூடுதலாகக் காட்டி, அதை நம்பி ஊசி போட்டுவிட்டால் அப்பா மயங்கி விழலாம். உயிருக்கே ஆபத்து.

ஆக்ஸிஜனை வெளிச்சத்தால் அளக்க முடிவதற்குக் காரணம் ரத்தத்தின் நிறம். ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் பளிச்சென்று சிவப்பாக இருக்கும், இல்லாதது கருஞ்சிவப்பு. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. 1970களில் ஜப்பான் பொறியாளர் டக்குவோ அவோயாகி கண்டுபிடித்த வழி இது. சர்க்கரைக்கோ நிறமே கிடையாது. சுகர் 100 என்றால் ஒரு லிட்டர் ரத்தத்தில் ஒரே ஒரு கிராம். அகச்சிவப்பு ஒளியில் அது தரும் மெல்லிய தடயமும் தோலில் இருக்கும் நீர், கொழுப்பு, புரதத்துக்கு நடுவில் அமுங்கிப்போகிறது. பல வருடங்களாக ஆராய்ச்சி நடக்கிறது. ஆனாலும், தோலைத் துளைக்காமல் தானாகவே சுகர் அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

உங்கள் வாட்சின் ஆக்ஸிஜன் எண்ணையும் மருத்துவ முடிவுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். தேவையென்றால் மருந்துக்கடையில் உரிம எண் அச்சிட்ட ஆக்ஸிமீட்டர் வாங்குங்கள். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அதுவும் தவறாகக் காட்டும். நம்மைப் போன்ற கருத்த தோல்காரர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆக்ஸிஜன் ஆபத்தாகக் குறைந்திருப்பதை இந்தக் கருவி கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதாக 2020-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அதனால் மூச்சுத்திணறல் இருந்தால், எண் நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

பணத்தை விடாதீர்கள். எத்தனை நாளுக்குள் திரும்பத் தரலாம் என்று பில்லில் குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். விளம்பரத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை அழித்துவிடுவார்கள். இரண்டு அளவுகளையும் ஒரே போட்டோவில் எடுத்து வையுங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளென்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

அப்பாவின் வலிக்கு: விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். ஒவ்வொரு முறையும் புது ஊசி, வேறு விரல். வெதுவெதுப்பான நீரில் கை கழுவினால் ரத்தம் எளிதாக வரும். வசதி இருந்தால், கையில் ஒட்டிக்கொண்டு சுகரைத் தொடர்ந்து அளக்கும் சிஜிஎம் சென்சார் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மெல்லிய இழை தோலுக்கடியில் இருக்கும். ஒரு தடவை ஒட்டினால் இரண்டு வாரம் வரை தாங்கும் வகைகள் உண்டு.