தொந்தரவு இல்லையே, சோதனை எதற்கு?

கேள்வி: எனக்கு 43 வயது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனாலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு வரச் சொல்கிறார் எங்கள் ஊர் நர்ஸ். அவசியமா, டாக்டர்?
- வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: அவசியம் போங்கள், அம்மா. தொந்தரவு இல்லாதபோது செய்வதற்குத்தான் இந்தச் சோதனை. ரத்தப்போக்கு வந்த பிறகு என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு நோய் முற்றியிருக்கிறது. அது மனதை அறுக்கிறது.

கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். மாறுதல் உள்ள இடம் வெளுத்துத் தெரியும். வெளுத்தாலே புற்றுநோய் என்று பயப்படாதீர்கள், அடுத்த சோதனை வேண்டும், அவ்வளவுதான். உங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இதை ஆராய்ந்தார்கள். சோதனை நடந்த பகுதிகளில் இந்தப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் முடிவு வெளியானது. கூச்சமாக இருந்தால் நர்ஸிடமே சொல்லுங்கள். மாதவிடாய் நாட்களில் மட்டும் வேண்டாம், அப்புறம் போகலாம்.