தனியாக ஓட்டினால் பாஸ், மொத்தமாக ஓட்டினால் ஃபெயில்

கேள்வி: ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) எழுதிய வெப் அப்ளிகேஷன், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். சாதாரண டெஸ்ட்கள் ஒழுங்காக ஓடுகின்றன, செலினியம் வைத்து பிரௌசரில் ஓட்டுபவைதான் படுத்துகின்றன. சில டெஸ்ட்களில் நாங்களே உருவாக்கிய பயனரால் லாகின் செய்ய முடிவதில்லை, 'அப்படி யாரும் இல்லை' என்கிறது. வேறு சில தனியாக ஓட்டினால் பாஸ், மொத்தமாக ஓட்டினால் ஃபெயில். என்ன செய்வது?

பதில்: முதலில் காணாமல் போகும் பயனர். ஜாங்கோவின் டெஸ்ட்கேஸ் (TestCase) என்ற கிளாஸ் ஒவ்வொரு டெஸ்ட்டையும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்டி, முடிந்ததும் ரோல்பேக் செய்துவிடும், அதாவது செய்த மாற்றங்களை எல்லாம் திரும்ப எடுத்துவிடும். எதுவுமே கமிட் ஆவதில்லை (நிரந்தரமாகப் பதிவாவதில்லை), அதனால்தான் அவ்வளவு வேகம். ஆனால் கமிட் ஆகாத தரவு அந்த ஒரு கனெக்‌ஷனுக்கு மட்டும்தான் தெரியும். பிரௌசர் பேசுவது சர்வரோடு, சர்வரோ தனக்கென்று வேறு கனெக்‌ஷன் வைத்திருக்கிறது, அதன் கணக்கில் உங்கள் பயனர் இன்னும் பிறக்கவே இல்லை. சர்வரை நீங்களே தனியாகக் கிளப்பியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். டெஸ்ட்டுக்கு ஜாங்கோ வேறு பெயரில் புது டேட்டாபேஸ் உருவாக்கும், உங்கள் சர்வர் பழையபடி டெவலப்மெண்ட் டேட்டாபேஸைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். பிரௌசர் டெஸ்ட்டுக்கென்றே லைவ்சர்வர்டெஸ்ட்கேஸ் (LiveServerTestCase) இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

அது நிஜமாகவே கமிட் செய்யும், டெஸ்ட் முடிந்ததும் எல்லா டேபிளையும் காலி செய்யும். இங்கேதான் அடுத்த சிக்கல் ஆரம்பம், பலரும் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் ஜாங்கோ ஃபைல்) மூலம் நீங்கள் உள்ளே போட்ட நிலையான வரிசைகள் (ஆர்டர் நிலைகள், வகைகள் போன்றவை) இருக்கிறதே, அவையும் சேர்ந்து துடைக்கப்பட்டுவிடும்! முதல் பிரௌசர் டெஸ்ட் பாஸ், இரண்டாவது ஓடும்போது அந்த வரிசைகள் இல்லை. சீரியலைஸ்டு ரோல்பேக் (serialized_rollback) என்ற அமைப்பை ஆன் செய்தால் ஜாங்கோ அவற்றைத் திரும்ப ஏற்றும், கொஞ்சம் மெதுவாகும். எனக்குப் பிடித்த வழி, ஒவ்வொரு டெஸ்ட்டும் தனக்கு வேண்டியதைத் தானே உருவாக்கிக்கொள்வது. படிப்பவருக்கும் எதை நம்பி அந்த டெஸ்ட் நிற்கிறது என்று அங்கேயே தெரியும்.

அப்புறம், முதல் ஆர்டரின் ஐடி 1 என்று எங்கேயும் எழுதிவைக்காதீர்கள். போஸ்ட்கிரெஸில் ஐடிக்குத் தானாக வரும் சீக்வென்ஸ் எண்கள் ரோல்பேக் செய்தாலும் பின்னால் போகாது. உருவாக்கிய ஆப்ஜெக்ட்டிடமே ஐடியைக் கேட்டு வாங்குங்கள்.

எப்போதாவது மட்டும் தொங்கி நிற்கிறதென்றால், பட்டனை அழுத்திய கையோடு டெஸ்ட் முடிகிறதா பாருங்கள். பின்னால் போன ரிக்வெஸ்ட் இன்னும் டேபிளில் எழுதிக்கொண்டிருக்கும், அதே நேரம் இந்தப் பக்கம் டேபிளைக் காலி செய்யும் ட்ரங்கேட் (TRUNCATE) கட்டளை அந்த டேபிளுக்கு முழுப் பூட்டு கேட்டுக் காத்திருக்கும். பட்டனின் விளைவு பக்கத்தில் தெரியும்வரை காத்திருந்துவிட்டு டெஸ்ட்டை முடியுங்கள், சும்மா சில நொடி நிறுத்தும் ஸ்லீப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம்.

கேள்வி: வேகத்துக்காக டெஸ்ட்டில் மட்டும் போஸ்ட்கிரெஸுக்குப் பதில் எஸ்கியூலைட் (SQLite) டேட்டாபேஸ் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். நேரடியாக எஸ்கியூஎல் எழுதினால் லைக் (LIKE) தேடல் எஸ்கியூலைட்டில் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்காது, போஸ்ட்கிரெஸ் பார்க்கும். 20 எழுத்து என்று அறிவித்த வார்கேர் (varchar) பத்தியில் எஸ்கியூலைட் 200 எழுத்தையும் பேசாமல் வாங்கிக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் பிழை காட்டி நிறுத்தும். டெஸ்ட் பிடிக்க வேண்டிய தவறுகளே இப்படிப்பட்டவைதானே.

வேகம்தான் கவலை என்றால் வேறு வழி இருக்கிறது. டெஸ்ட் ஓட்டும் கட்டளையில் கீப்டிபி (--keepdb) கொடுத்தால் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸை முதலிலிருந்து உருவாக்காது. பல ப்ராசஸில் ஒரே நேரத்தில் ஓட்டும் பேரலல் (--parallel) கொடுத்தால் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளும், ஒன்றின் தரவில் இன்னொன்று கை வைக்காது. இன்னும் வேண்டுமானால் போஸ்ட்கிரெஸில் எஃப்சிங்கை (fsync, எழுதியது டிஸ்க்கில் சேர்ந்ததை உறுதி செய்யும் அமைப்பு) அணைக்கலாம். ஆனால் மின்சாரம் போனால் டேட்டாபேஸே சிதையக்கூடும், அதனால் டெஸ்ட்டுக்கென்று தனியாக வைத்த போஸ்ட்கிரெஸில் மட்டும் செய்யுங்கள், வேறு எந்த டேட்டாபேஸும் அதில் இருக்கக் கூடாது.