தாமிரபரணி: கேட்டதும் சொன்னதும்

அண்ணாச்சி, 125 கிலோமீட்டர்கூட முழுசா ஓடாத ஆறுன்னு சொல்றாங்க. அப்புறம் எப்படி வற்றாம ஓடுது?

நீளம் ஏறத்தாழ அவ்வளவுதான் தம்பி. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. ஆனால் வற்றாததற்கும் நீளத்துக்கும் சம்பந்தமில்லை, மலைதான் காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளத்துப் பக்கம் கொட்டும் தென்மேற்குப் பருவமழை, அகத்தியமலை முகட்டைத் தாண்டி நம் பக்கமும் விழுகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை மலை நனைகிறது. இடைப்பட்ட மாதங்களில் சோலைக்காடும் உச்சிப் புல்வெளியும் குடித்துவைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுகின்றன. காடு மொட்டையானால் மழை அதேதான் பெய்யும். ஆனால் இரண்டே நாளில் ஓடிக் கடலுக்குப் போய்விடும்.

சேர்வலாறு அணை மட்டம் எப்பவும் பாபநாசம் அணையைவிட 13 அடி கூடவே இருக்கே, ஏன்?

நல்லாக் கவனிச்சிருக்கீங்க. இரண்டு அணைகளையும் சுரங்கக் கால்வாய் இணைக்கிறது. அதனால் நீர் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அளவுகோலின் பூஜ்யம் மட்டும் வேறு. பாபநாசத்துக்கு உச்சம் 143 அடி, சேர்வலாறுக்கு 156. கழித்துப் பாருங்கள், அந்த 13 வரும்.

பாபநாசத்துல 71 அடி இருந்தா அணை பாதி நிறைஞ்சதுன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. எல்லாரும் செய்யும் தப்பு இது. அணை புனல் மாதிரி: அடியில் குறுகல், மேலே அகலம். மேலே ஒரு அடி ஏறினால் சேரும் நீர், அடியில் ஒரு அடிக்குச் சேர்வதைப்போலப் பல மடங்கு. 71 அடியில் பாதிக்கும் ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும். அடியைப் பார்க்காமல் கனஅடியைப் பாருங்கள். முழுக் கொள்ளளவு 5,500 மில்லியன் கனஅடி. விநாடிக்கு 1,000 கனஅடி திறந்தால் ஒரு நாளைக்கு 86.4 மில்லியன் போகும். முழு அணையே, வரத்து இல்லாவிட்டால், சுமார் 64 நாளில் தீர்ந்துவிடும்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அணையைத் திறந்ததுதானே காரணம்?

அணை நீரும் சேர்ந்தது, ஆனால் அது மட்டுமில்லை. அன்றைய மழையில் பெரும்பங்கு அணைகளுக்குக் கீழே, சமவெளியில் விழுந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்த நீரை மலையில் இருக்கும் அணை எப்படிப் பிடிக்கும்? இதோடு குற்றாலத்துச் சிற்றாறு சீவலப்பேரியில் வந்து கலக்கிறது. அந்த நீர் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளைத் தொடாமலே வருகிறது. அதனால் வெள்ளக் காலத்தில் அணை மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். தென்காசிப் பக்கத்து மழையையும் பாருங்கள். குளங்கள் உடைந்தால் நீர் ஆற்று வழியாக வராது, ஊர் வழியாக வரும்.

மருதூர் அணைக்கட்டு ஏன் நேரா இல்லாம வளைஞ்சு கிடக்கு?

சுவர் வளைந்தால் நீளம் கூடும். நீளம் கூடினால் அதே வெள்ளம் மெல்லிய ஏடாக வழியும், சுவரை அழுத்தும் பாரமும் குறையும். இந்த ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. பழைய ஆட்கள் வெள்ளத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை, வழிவிட்டுக் கட்டினார்கள். நெல்லையில் ஆற்றுக்குள்ளேயே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலிலும் இதே புத்திதான்: வெள்ளம் மோதும் பக்கத்துச் சுவர் படகு முனைபோல் கூராக இருக்கும். நீர் இரண்டாகப் பிரிந்து போகும்.

குளிக்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை?

அணைக்கட்டுக்கு உடனே கீழே இறங்காதீர்கள். விழும் நீர் அங்கே குழி தோண்டி வைத்திருக்கும், மேலே பார்த்தால் முழங்காலளவுபோலத் தெரியும். ஊரில் வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த நீர் திடீரென்று செம்மண் நிறமாகி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் துணியை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறுங்கள்.