வேலிச்செடி நடைபாதையை மூடினால் கவுன்சில் கவனிக்குமா?

இங்கிலாந்தில் பக்கத்து வீட்டு வேலிச்செடி நடைபாதையில் பாதியை மறைத்துவிட்டது, பின்சந்தும் புதர் மண்டிக் கிடக்கிறது, உள்ளாட்சி மன்றமான கவுன்சில் ஏதாவது செய்யுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடைபாதைக்குச் செய்ய வைக்க முடியும். சந்து விஷயம் வேறு.

செடி வீட்டுக்காரருடையது, வெட்ட வேண்டியதும் அவர்தான். அதனால் முதலில் போய்க் கதவைத் தட்டுங்கள். வயதானவராக இருந்தால் ஏணி ஏற முடியாமல் விட்டிருப்பார். நல்லபடியாகக் கேட்டாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். அவர் அசையவில்லை என்றால் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு இருக்கிறது. நடப்பவர்களுக்கு இடைஞ்சலாக நீட்டிக்கொண்டிருக்கும் செடியை 14 நாளுக்குள் வெட்டச் சொல்லிக் கவுன்சில் நோட்டீஸ் கொடுக்கலாம். வெட்டாவிட்டால் தானே ஆள் வைத்து வெட்டி, செலவை அவரிடமே வசூலிக்கலாம்.

கவுன்சிலுக்குப் போனில் சொல்லாதீர்கள், எழுதுங்கள். இதை நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு பொதுச் சாலைகளையும் நடைபாதைகளையும் பராமரிக்கும் கடமையைக் கவுன்சில் மேல் வைக்கிறது. ஆனால் பெயர்ந்த கல்லில் தடுக்கி ஒருவர் விழுந்து நஷ்டஈடு கேட்டால், நியாயமான அக்கறை எடுத்துக்கொண்டோம் என்று காட்டி 58ஆம் பிரிவின் கீழ் கவுன்சில் தப்பிக்கலாம். அப்போது நீதிமன்றம் பார்க்கும் விஷயங்களில் ஒன்று, அந்தக் குறை கவுன்சிலுக்குத் தெரியுமா என்பது. தேதி போட்ட உங்கள் மின்னஞ்சல் இருந்தால் தெரியாது என்று சொல்ல முடியாது.

படம் வையுங்கள், பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணைக் குறிப்பிடுங்கள், மீதமுள்ள அகலத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். யார் தவிக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் வண்டிகள் ஓடும் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது. பார்வையற்றவரின் கைத்தடி தரையைத் தடவிப் பார்க்கும், முகத்துக்கு நேராக நீட்டியிருக்கும் கிளையை அது காட்டாது. இதைப் படிக்கிற அதிகாரிக்கு அவசரம் புரியும்.

லண்டனில் பெரும்பாலான தெருக்களுக்கு உங்கள் பரோ (நகரின் உட்பகுதி) கவுன்சில்தான் பொறுப்பு. கவுன்டி (பெரிய வட்டாரம்), டிஸ்ட்ரிக்ட் (அதற்குள் அடங்கிய சிறிய பகுதி) என்று இரண்டு கவுன்சில் உள்ள ஊரில் சாலையும் நடைபாதையும் கவுன்டியுடையது, குப்பை பெருக்குவது டிஸ்ட்ரிக்ட். மாற்றி எழுதினால் வாரங்கள் வீணாகும்.

அப்புறம் பறவைக் கூடு. கூடு கட்டும்போதோ அது பயன்பாட்டில் இருக்கும்போதோ தெரிந்தே அழிப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை வெட்டுமுன் உள்ளே நன்றாகப் பாருங்கள். குளிர்காலத்திலேயே கேட்டு வைப்பது எல்லாருக்கும் நல்லது.

சந்துக்கு வருவோம். பொதுச் செலவில் பராமரிக்கும் தெருக்களின் பட்டியலைக் கவுன்சில் வைத்திருக்க வேண்டும், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சந்து அதில் இல்லையென்றால் பெரும்பாலும் இருபக்க வீட்டுக்காரர்கள் சேர்ந்துதான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். வீட்டுப் பத்திரத்தைப் பாருங்கள்.

வேர் கிளம்பி நடைபாதை மேடாகியிருந்தால், தயவுசெய்து மரத்தை வெட்டச் சொல்லி எழுதாதீர்கள். தளத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஷெஃபீல்டு நகரில் சாலையைச் சரிசெய்கிறோம் என்று சொல்லியே ஆயிரக்கணக்கான தெருமரங்களை வெட்டிவிட்டார்கள். 2016 நவம்பரில் அங்கே ரஸ்ட்லிங்ஸ் சாலையில் விடியும் முன்பே போலீஸ் துணையோடு வெட்டினார்கள். இப்போது, 2023 நவம்பர் முதல், சில விதிவிலக்குகள் தவிர, தெருமரத்தை வெட்டுமுன் கவுன்சில் மக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும். அப்படி அறிவிப்பு வந்தால் பதில் எழுதுங்கள்.