மளிகைக்கடைக்கும் சூப்பர் பவுலுக்கும் நடுவே

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் கர்ட் வார்னர் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான். சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி ஷிப்டில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார், பிறகு அந்த ஆட்டத்தின் உச்சமான இறுதிப் போட்டி, சூப்பர் பவுல் ஜெயித்தார். நடுவில் ‘அரீனா ஃபுட்பால்’ என்று எதையோ மூன்று வருடம் ஆடியதாக ஒரு வரி வருகிறது, அதோடு சரி. அப்படி அங்கே என்ன ஆடினார்? அது உண்மையான ஆட்டமா, இல்லை கூட்டம் சேர்க்கும் வேடிக்கையா? வார்னர் மேலே போய்விட்டார். போகாமல் அந்தச் சின்ன அரங்கிலேயே பதினைந்து வருடம் பந்து எறிந்தவர்களை என்னவென்று சொல்வது? தோற்றவர்கள் என்றுதானே உலகம் சொல்லும்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் கேட்டிருக்கும் அந்த ஒரு வரியில்தான் வார்னரின் ஆட்டமே உருவானது என்று நான் நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆட்டம். ஜிம் ஃபாஸ்டர் என்பவர் 1981இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்க சாக்கர் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்கன் ஃபுட்பாலையும் இப்படி ஆடலாமே என்று தோன்றி, கையிலிருந்த கடித உறையின் மேல் மைதானத்தை வரைந்தார். 1987இல் நான்கு அணிகளோடு லீக் தொடங்கியது. ஐஸ் ஹாக்கி ஆடும் தளத்தின் மேல் செயற்கைப் புல்லை விரித்தால் மைதானம் ரெடி. நீளம் 50 யார்டு, அகலம் 85 அடி. வெளியே ஆடும் ஆட்டத்துக்கு 100 யார்டு நீளம், 160 அடி அகலம். அங்கே அணிக்கு 11 பேர், இங்கே 8 பேர். ஓரத்தில் கோடு கிடையாது, மெத்தை வைத்த சுவர்தான். அதன் மேல் விழுந்தால் முதல் வரிசை ரசிகரின் மடியில்தான் போய்ச் சேர வேண்டும். இரண்டு முனையிலும் கோல் கம்பத்துக்கு இரு பக்கமும் 30 அடி அகலம், 32 அடி உயரத்தில் இழுத்துக் கட்டிய வலைகள். எறிந்த பந்து வலையில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் நிற்காது. தரையைத் தொடும் முன் யார் பிடித்தாலும் செல்லும். (இந்த வலைக்கு ஃபாஸ்டர் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். மற்ற உள்ளரங்க லீக்குகள் வலை இல்லாமல் ஆடியதற்கு அதுதான் காரணம்.)

பந்தை எதிரணிப் பக்கம் ஓங்கி உதைத்துவிட்டுத் தப்பிக்கும் ‘பன்ட்’ இங்கே கிடையாது. பந்து கிடைத்தால் முன்னேற வேண்டும், இல்லையென்றால் கோலுக்கு உதைக்க வேண்டும். பந்து பிடிக்கும் ஆட்களில் ஒருவர், ஒவ்வொரு முறையும் பந்து கிளம்பும் முன்பே, இரு அணியும் எதிரெதிரே நிற்கும் கோட்டை நோக்கி ஓடி வரலாம். கோட்டை அடையும்போது அவர் முழு வேகத்தில் இருப்பார், எதிரில் தடுப்பவர் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். இதனாலெல்லாம் ஓர் அணி 50, 60 புள்ளி எடுப்பது சாதாரணம். எதிரணியின் முனைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பதுதான் டச்டவுன். ஒரு டச்டவுனுக்கு அடுத்த டச்டவுன் வந்துகொண்டே இருக்கும்.

இப்போது குவார்ட்டர்பேக், அதாவது அணிக்காகப் பந்தை எறிபவர், நிற்கும் இடத்திலிருந்து பாருங்கள். நம் ஊரில் முட்டுச்சந்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த பையன் மட்டையை எவ்வளவு சுருக்கமாக வீசக் கற்றுக்கொள்கிறான்! அதே கதைதான். பந்து கைக்கு வந்ததும் யோசிக்க நேரமில்லை. ஓடி ஒதுங்க இடமில்லை. பிடிப்பவர் திரும்பும் முன்பே, அவர் வரப்போகும் இடத்துக்குப் பந்து போயிருக்க வேண்டும். இரண்டு பேருக்கு நடுவே ஒரு கை அளவு இடைவெளி தெரிந்தால் அதில் எறிய வேண்டும், ஏனென்றால் அதைவிடப் பெரிய இடைவெளி வரவே வராது. எதிரணி ஒவ்வொரு முறையும் புள்ளி எடுக்கப்போகிறது என்று தெரியும். ஆகவே இரண்டு வாய்ப்பை வீணடித்தால் ஆட்டம் கையைவிட்டுப் போய்விடும். ஒரு சீசன் முழுக்க, வாராவாரம் இதே வேலை.

வார்னர் இதற்குள் வந்தது 1995இல். அதற்கு முன்னால் நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை. நார்தர்ன் அயோவா பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம்தான் முதல் ஆளாக ஆட வாய்ப்பு. 1994இல் அமெரிக்காவின் பெரிய லீகான என்எஃப்எல்லின் அணிகள் எதுவும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கிரீன் பே பேக்கர்ஸ் பயிற்சி முகாமுக்கு அழைத்தது, சீசன் தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டது. அங்கே அவருக்கு முன்னால் இருந்த குவார்ட்டர்பேக்குகளில் ஒருவர் பிரெட் ஃபாவ்ர், இன்னொருவர் மார்க் புரூனல். அப்புறம் சீடர் ஃபால்ஸ் ஊரில் ஹை-வீ கடையில் மணிக்கு ஐந்தரை டாலர் சம்பளத்துக்கு ராத்திரி வேலை.

டெ மோயின் நகரில் ‘அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ்’ என்று அணி தொடங்கியவர் அதே ஜிம் ஃபாஸ்டர்தான். ஹெல்மெட்டில் பழைய விமானிகளின் கண்ணாடியை வரைந்திருப்பார்கள், அவ்வளவு அழகான ஹெல்மெட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சொந்த அரங்கம், உள்ளூர்க்காரர்கள் செல்லமாக ‘பார்ன்’ என்று அழைத்த வெட்டரன்ஸ் ஆடிட்டோரியம். வார்னர் 1995 முதல் 1997 வரை அங்கே ஆடினார். 1996, 1997 இரண்டு வருடமும் அணியை இறுதி ஆட்டமான ‘அரீனா பவுல்’ வரை கொண்டுபோனார். இரண்டிலும் தோல்வி. முதல் முறை டாம்பா பே ஸ்டார்மிடம் 42-38 என்று நூலிழையில், சொந்த அரங்கிலேயே. அடுத்த வருடம் அரிசோனா ராட்லர்ஸிடம்.

அங்கிருந்து 1998இல் ஐரோப்பிய லீகில் ஆம்ஸ்டர்டாம் அணி, பிறகு என்எஃப்எல்லின் செயின்ட் லூயிஸ் ராம்ஸில் மாற்று ஆள். 1999 தொடக்கத்தில் கிளீவ்லாண்டில் புது அணி உருவானபோது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்று ராம்ஸ் விட்டுவைத்த ஆட்களில் அவரும் ஒருவர். கிளீவ்லாண்ட் எடுக்கவில்லை. ஆகஸ்டில் ராம்ஸின் முதன்மை குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனுக்கு முழங்கால் போனது. 28 வயதில் வார்னர் உள்ளே வந்தார். அந்த சீசனில் 4,353 யார்டு, 41 டச்டவுன், லீகின் மிகச் சிறந்த வீரர் விருது.

சூப்பர் பவுல், 30 ஜனவரி 2000. டென்னசி டைட்டன்ஸோடு 16-16 சமநிலை, இரண்டு நிமிடம் சொச்சம்தான் பாக்கி. வார்னர் பின்வாங்குகிறார். ஜெவான் கியர்ஸ் என்ற ராட்சசன் அவர் மேல் பாய்கிறார். இடி விழும் அந்தக் கணத்தில் பந்து கையை விட்டுப் போய்விட்டது. நினைத்த தூரம் போகவில்லை. ஐசக் புரூஸ் வேகத்தைக் குறைத்து, பின்னால் திரும்பி வந்து பிடித்து ஓடினார். 73 யார்டு டச்டவுன், 23-16 வெற்றி. அதை ‘அதிர்ஷ்டம்’ என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது டெ மோயின் மூன்று வருடம்தான். அடி வரும் என்று தெரிந்தும் கண்ணை எடுக்காமல், கால் அரை நொடி முன்னால் எறிந்துவிடும் பழக்கம் அங்கே படிந்தது. வேகமாக முடிவெடுக்க அரீனா ஆட்டம்தான் தன்னைப் பழக்கியது என்று வார்னரே பல முறை சொல்லியிருக்கிறார்.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி. எனக்கு முக்கியமானதும் அதுதான்.

ஆரன் கார்சியா என்று ஒருவர். வார்னரைப் போலவே தொண்ணூறுகளின் நடுவில் அரீனா லீகுக்கு வந்தவர். வார்னர் கிளம்பிப் போன பிறகும் இவர் ஆடிக்கொண்டே இருந்தார். நியூயார்க் டிராகன்ஸ், ஜாக்சன்வில் ஷார்க்ஸ் என்று அணிகள் மாறின, சில அணிகள் காணாமலே போயின. 2009 சீசனை லீகே ரத்து செய்து திவாலானது. அடுத்த வருடம் மறுபடி தொடங்கியபோது ஓர் ஆட்டத்துக்குச் சில நூறு டாலர்தான் சம்பளம். கார்சியா வந்து நின்றார். 2011 அரீனா பவுலில் நேரம் முடியும் கடைசித் தருணத்தில் ஜெரான் ஹார்விக்கு எறிந்த பந்தில் ஜாக்சன்வில் 73-70 என்று கோப்பையை வென்றது. ஆயிரம் டச்டவுனைத் தாண்டி எறிந்த முதல் ஆள் அவர். வெளியுலகத்துக்கு அவர் பெயர் தெரியாது. அவரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு வேலையை அவரைவிட நன்றாகச் செய்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றால், அந்த வேலைக்குச் சம்பளம் குறைவு என்பது அவருடைய குறை இல்லையே.

1996இல் வார்னரைத் தோற்கடித்தார்களே டாம்பா பே ஸ்டார்ம், அவர்களுடைய குவார்ட்டர்பேக்காக இருந்தவர் ஜே குரூடன். ஆடி நான்கு கோப்பை, பிறகு ஆர்லாண்டோவுக்குப் பயிற்சியாளராக இரண்டு கோப்பை. என்எஃப்எல்லில் வீரராக அவர் பெயர் எடுக்கவில்லை. ஆனால் 2014இல் வாஷிங்டன் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஆக, மேலே போகும் வழியும் ஒன்று மட்டுமில்லை. போகாதவர்கள் பலரும் பகலில் பள்ளியில் பயிற்சி கொடுத்துக்கொண்டோ வேறு வேலை பார்த்துக்கொண்டோ சனிக்கிழமை ராத்திரி ஆடுகிறார்கள். அது கஷ்டமான வாழ்க்கை. முழங்காலும் தோளும் போனால் பார்த்துக்கொள்ளப் பெரிய ஏற்பாடு இருக்காது. அதை அழகாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர்களுக்கு இன்னும் நல்ல சம்பளம் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

வார்னரின் பழைய அணியின் பெயரில் டெ மோயினில் ஓர் அணி பிறகும் உருவானது. பார்ன்ஸ்டார்மர்ஸ், ராட்லர்ஸ் இரண்டுமே பின்னர் இண்டோர் ஃபுட்பால் லீகில் சேர்ந்தன. யூடியூபில் ஆட்டங்கள் கிடைக்கும். பார்த்தால் முதல் பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு குவார்ட்டர்பேக்கின் கால்களை மட்டும் கவனியுங்கள். பின்னால் வைக்கும் மூன்றாவது அடி ஊன்றியதுமே பந்து கிளம்பிவிட்டதா என்று பாருங்கள். எந்த அணி ஜெயிக்கும் என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அன்புடன்.